வாசகர் கேள்வி பதில்: அம்மம்மாவின் கல்வெட்டு

கேள்வி: அம்மம்மா தவறி எட்டு நாளாகிறது. 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வேண்டும். அம்மப்பாவிடம் கேட்டால் "நல்ல மனுசி" என்பதோடு நிறுத்திவிடுகிறார். படங்களும் கடற்காற்றில் பழுதாகிவிட்டன. எப்படித் தொடங்குவது?
– பேத்தி ஒருவர், உப்புவெளி

பதில்: உங்கள் துயரில் நாங்களும் பங்குகொள்கிறோம், தங்கச்சி. முதலில் அம்மப்பாவிடம் போங்கள். "அம்மம்மா எப்படிப்பட்டவ?" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. அவ வைத்திருந்த பாக்குவெட்டியையோ கூறைச்சீலையையோ அவர் கையில் கொடுத்து, "இது எங்க வாங்கினது?" என்று மட்டும் கேளுங்கள். போன் பதிவில் ஓடட்டும். இருபது நிமிடம் போதும், மிச்சத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். ஆண்டு கேட்டால் தடுமாறுவார். "64 டிசம்பர்ப் புயலுக்கு முந்தியா பிந்தியா? 83 கலவரத்துக்கு? 90 இடப்பெயர்வுக்கு? சுனாமிக்கு?" என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்.

எழுதும்போது "பாசத்தின் உறைவிடம், பண்பின் சிகரம்" வேண்டாம். பெயரை மாற்றினால் அந்த வரி எந்தக் கல்வெட்டிலும் பொருந்தும். பெண்களின் கல்வெட்டுகளில் எங்களுக்கு இருக்கும் பெரிய மனக்குறை, "இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி" என்பதோடு வாழ்க்கை முடிந்துவிடுவது. எந்தப் பள்ளியில் எந்த வகுப்புவரை படித்தா, தையலா கோழியா சீட்டா எதில் காசு சேர்த்தா, யாரைப் படிப்பித்தா என்பவை கட்டாயம் வரவேண்டும்.

இறந்த திதியைப் பாட்டில் சொல்லும் திதி வெண்பாவை எழுதுபவருக்கு இறந்த தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஒரு திதி நடுப்பகலிலும் மாறலாம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களிலும் திதி முடியும் நேரம் வேறுபடும். ஆகவே உங்கள் குருக்கள் பார்க்கும் பஞ்சாங்கத்தையே பின்பற்றுங்கள். வருடாந்தத் திவசமும் அந்தத் திதியில்தான் வரும். தோத்திரப் பகுதியில் சம்பந்தரின் திருக்கோணமலைத் தேவாரத்தைச் சேர்த்தால் ஊரும் கூடவே வரும்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள். ஈரக்காற்றில் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். பசை ஆல்பம் என்றால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் பின்னால் மெதுவாக அறுப்பதுபோல் ஓட்டலாம். அடையாள அட்டை அளவுப் படத்தை 600 டிபிஐயில் எடுங்கள். அச்சில் இரண்டு மடங்கு பெருப்பித்தாலும் தெளிவு நிற்கும். வெளிநாட்டிலிருந்து வரும் படங்களை வாட்ஸ்அப்பில் டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கவேண்டும்: 16, 20, 24. இருபத்தைந்தாம் நாளுக்குள் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். யூனிகோடில் தட்டியதை அவர்கள் பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துக் குழம்பலாம், ஸ்ரீயும் கிரந்த எழுத்துகளும் முக்கியமாக. எனவே திரையில் அல்ல, தாளில் எடுத்துப் பிழை பாருங்கள். வம்சாவளியை ஒவ்வொரு கிளையிலும் மூத்தவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அந்த மனத்தாங்கல் வருடக்கணக்கில் நிற்கும். சிறுவயதில் இறந்த பிள்ளையையும் சேருங்கள். அம்மம்மா அந்தப் பிள்ளையை எண்ணாமல் இருந்திருக்க மாட்டா.

கேள்வி: அம்மா அளவு சொல்லித் தராமலே போய்விட்டா. அவவின் கறித்தூளை எழுதிவைக்க முடியுமா?
– மகள், பாலையூற்று

பதில்: முடியும். அம்மாவோடு கூட நின்று வறுத்தவர் ஒருவர் வேண்டும், மாமியோ மூத்த அக்காவோ. அவரைக் கண்ணளவிலேயே போடவிடுங்கள். மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், சீரகம், மிளகு என ஒவ்வொன்றையும் சட்டிக்குப் போகுமுன் தராசில் வைத்து, கிராமில் குறியுங்கள். வறுக்கும் ஒழுங்கையும் எழுதுங்கள். மல்லியும் மிளகாயும் ஒன்றாகப் போனால் மல்லி வறுபடுமுன் மிளகாய் கருகிவிடும். முதற்தரம் ருசி சரிவராவிட்டால் அளவை உடனே மாற்றாதீர்கள். பெரும்பாலும் பிழை வறுவலில்தான், அம்மா எந்த நிறத்தில் இறக்கினா என்று கேட்டுப் பாருங்கள்.