வென்ட்வொர்த்வில்லில் பழைய யூனிட் வாங்குமுன்

சிட்னியின் மேற்குப் பகுதியில் உள்ள வென்ட்வொர்த்வில்லில் முதல் வீடாகப் பழைய செங்கல் யூனிட் (அடுக்குமாடி வீடு) வாங்கி, ஆறு மாதம் இருந்துவிட்டு வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் நல்ல இடம்தான், வெஸ்ட்மீட் மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால் வாடகைக்கு ஆள் கிடைப்பார்கள். ஆனால் ஆறு மாதம் போதாது. நியூ சவுத் வேல்ஸில் முதல் வீட்டுக்கான ஸ்டாம்ப் டூட்டி சலுகை வாங்கினால் தொடர்ந்து 12 மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

அப்புறம், ஸ்ட்ராட்டா அறிக்கையை, அதாவது கட்டடத்தின் பொது நிர்வாகம் பற்றிய அறிக்கையை வாங்கி, பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, கூரை, குழாய், பால்கனி பற்றிக் கூட்டக் குறிப்புகளில் என்ன பேசியிருக்கிறார்கள் என்று தயவுசெய்து வரி வரியாகப் படியுங்கள், நிதி காலியாக இருந்தால் பெரிய பழுதுச் செலவில் உங்கள் பங்கைத் தனியாகக் கேட்பார்கள். ஏலத்தில் எடுத்தால், மனம் மாறினால் விலகிக்கொள்ள வழக்கமாகக் கிடைக்கும் 5 வேலை நாள் அவகாசமும் கிடையாது, அதனால் இதையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.