சூரியப் புயலும் ஒரு வெள்ளைத் தாளும்

ஐயா,

பெரியகுளம் பக்கத்தில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். 2024 மே மாதச் சூரியப் புயலின்போது, ‘இன்றிரவு செல்போனைத் தலைமாட்டில் வைக்காதீர்கள்’ என்று வந்த செய்தியை, உண்மைதானோ என்று பயந்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பிள்ளைகள் இன்னும் அதைக் கேட்கிறார்கள். நமக்கு ஆபத்து உண்டா? இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலம் தடுக்குமா? எங்களிடம் தொலைநோக்கியும் இல்லை.

ம.

அன்புள்ள ம.,

ஆதித்யா எதையும் தடுக்காது, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் இருக்கும் நம் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட வாயு, பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது நீளமான மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பாயும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேர் அப்படித்தான் இருட்டில் கிடந்தார்கள். சரி, இதெல்லாம் எங்கேயும் படிக்கலாம்.

அந்தச் செய்தியை ஒரு ஆசிரியர் போட்டதுதான் எனக்கு ஆறவில்லை. 1980 பிப்ரவரி 16, சூரிய கிரகணம். என் அப்பாவும் வாத்தியார்தான். கதவு ஜன்னலெல்லாம் சாத்தி எங்களை உள்ளே உட்கார வைத்தார். ஓட்டு இடுக்கு வழியாக வந்த வெயில் தரையில் பிறை பிறையாக விழுந்தது. கையை நீட்டினேன், உள்ளங்கையில் ஒரு குட்டிச் சூரியன், கடித்த அப்பளம் மாதிரி. “தொடாதடா” என்று அப்பா அதன் மேல் சாக்கை விரித்துவிட்டார். நல்ல மனிதர், பயம் முந்திக்கொண்டது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது, ஆனால் உங்கள் கையில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தொலைநோக்கி இல்லையா? ஒரு பைனாகுலர் இரவல் வாங்குங்கள். அதன் இரண்டு குழல்களில் ஒன்றை அட்டையால் மூடி, ஸ்டாண்டில் கட்டி, சூரியனை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். யாரும் அதற்குள் கண்ணை வைக்கக் கூடாது, பக்கத்திலேயே நில்லுங்கள். வட்டத்துக்குள் மிளகுத்தூள் மாதிரி புள்ளி தெரிந்தால் தாளை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள்: புள்ளியும் தாளோடு நகர்ந்தால் அழுக்கு, சூரியனோடு நின்றால் பெரும்பாலும் சூரியப்புள்ளி, சூரியன் முகத்தில் இருண்டு தெரியும் இடம். தினமும் அதே நேரத்தில் வரையட்டும். பத்து நாளில் புள்ளி ஓரத்தை நோக்கி நகர்ந்திருக்கும், சூரியன் சுழல்கிறது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். உங்கள் ஊருக்கு மேலே கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் புள்ளிகளைத்தான் பதிவு செய்துவருகிறார்கள். அவற்றிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909-ல் கண்டுபிடித்ததும் அங்கேதான். மே மாதப் புயலை அனுப்பியதும் இப்படி ஒரு புள்ளிக் கூட்டம்தான், பூமியைப் போல் பத்து மடங்குக்கும் மேல் அகலம்.

முதலில் குழுவில் ‘நான் போட்டது தவறு’ என்று எழுதுங்கள். அப்புறம் பிள்ளைகள் வரைந்த முதல் படத்தை, தேதியும் நேரமும் குறித்து, எனக்கு அனுப்புங்கள்.