வைஃபை பூட்டு, பான் நகல், கைரேகை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறைக்கு டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று நான்கு தெரிவுகள் உள்ளன. பழைய மடிக்கணினி ஒன்று டபிள்யூஇபியில் மட்டுமே இணைகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். ஒரு மடிக்கணினிக்காக வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் திறந்து போடுவதைவிட, அதற்கு மட்டும் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகுவதோ, கம்பி வழியாக ரவுட்டருடன் இணைப்பதோ மேல்.

1997-ஆம் ஆண்டின் முதல் வைஃபை தரநிலையோடு வந்த டபிள்யூஇபி, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் மறையாக்கும்போது (பிறர் படிக்க முடியாதபடி மாற்றும்போது) சாவியுடன் 24 பிட் நீளமுள்ள மாறும் எண் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. 24 பிட்டில் ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் எண்களே அடங்கும் என்பதால், போக்குவரத்து மிகுந்த இணைப்பில் சில மணி நேரத்திலேயே பழைய எண்கள் திரும்ப வரத் தொடங்கிவிடும்; ஒரே எண்ணில் வந்த பொட்டலங்களை ஒப்பிட்டு மறையாக்கத்தை உடைக்கலாம். போதாக்குறைக்கு, அது நம்பியிருக்கும் ஆர்சி4 என்னும் மறையாக்க முறை சாவியைக் கையாளும் விதத்திலேயே கசிவு இருப்பதை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001-இல் நிறுவினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டெடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். சில்லறை வணிக நிறுவனத்திடமிருந்து குறைந்தது 4 கோடியே 57 லட்சம் பற்று, கடன் அட்டைகளின் விவரங்கள் களவுபோன செய்தி வெளியாயிற்று. அந்தக் களவுக்கு வழிவிட்ட ஓட்டைகளுள் ஒன்று, கடைகளில் மாற்றாமல் விட்டிருந்த டபிள்யூஇபி.

2003-இல் வந்த டபிள்யூபிஏ, பழைய கருவிகளைத் தூக்கி எறியாமல் சமாளிக்கச் செய்த ஒட்டுவேலை. அதுவும் ஆர்சி4-ஐயே பயன்படுத்தியது. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2-தான் ஏஇஎஸ் என்னும் வலுவான முறைக்கு மாறியது. ஆகவே குறைந்தபட்சம் டபிள்யூபிஏ2-ஐ ஏஇஎஸ் உடன் தேர்ந்தெடுங்கள். உங்கள் கருவிகள் எல்லாம் ஏற்குமானால் 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3-ஐத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ2-இலும் 2017-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒரு குறையைக் கண்டார்கள். மென்பொருள் மேம்பாட்டால் அது அடைபட்டது. மேம்பாடே செய்யப்படாத ரவுட்டர்களில் அது இன்னும் திறந்துதான் கிடக்கும்.

கேள்வி: டபிள்யூபிஏ2 வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லாக என் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். பத்து இலக்கம் போதாதா? (மருந்துக் கடை உரிமையாளர், கரூர்)

பதில்: போதாது. நம் ஊரில் பாதி வீடுகளின் வைஃபை கடவுச்சொல் கைப்பேசி எண்ணாகத்தான் இருக்கிறது என்பது என் அனுமானம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை என் வீட்டிலும் அதுதான் இருந்தது.

உங்கள் கைப்பேசி ரவுட்டருடன் இணையும் தருணத்தில் இரண்டும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளை, தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒருவர் பதிவு செய்துகொள்ள முடியும். அதன்பின் அவருக்கு உங்கள் ரவுட்டர் தேவையில்லை. தம் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கடவுச்சொல்லாகக் கணினியில் போட்டுப் பார்த்து, பதிவோடு எது பொருந்துகிறது என்று தேடலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை. இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. ஆக, இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடி. விளையாட்டுக் கணினிகளில் பொருத்தப்படும் உயர்தர கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும் என்று வைத்துக்கொண்டால், எல்லா எண்களையும் முடிக்க 4,000 நொடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கடைப் பலகையிலேயே உங்கள் எண்ணை எழுதி வைத்திருந்தால் அந்த உழைப்பும் தேவையில்லை.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். முருங்கை, தண்டவாளம், ஊறுகாய், பத்தொன்பது என்பதுபோல் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தமிழ்ச் சொற்கள் நான்கைந்தை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள் (இதே சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டாம்). நினைவில் நிற்கும், ஊகிப்பது கடினம். ரவுட்டரில், கடவுச்சொல்லுக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்துக் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்னும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் எண் அகப்பட்டுவிடும் என்பது 2011 இறுதியிலேயே வெளியானது.

கேள்வி: வைஃபையின் பெயரை மறைத்து வைத்து, குறிப்பிட்ட கருவிகளின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்களை) மட்டும் அனுமதித்திருக்கிறேன். கடவுச்சொல் அவசியமா?

பதில்: அவசியம். நீங்கள் செய்துள்ள இரண்டும் பாதுகாப்புக் கணக்கில் சேரா. மேக் முகவரி எவ்வளவு வலுவான மறையாக்கத்திலும் மூடப்படாமலே காற்றில் செல்கிறது. பார்ப்பவர் அதைத் தம் கருவிக்குச் சூட்டிக்கொள்ளலாம். மறைத்த பெயரையோ உங்கள் கைப்பேசியே போகுமிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரியும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மாணவர்கள் பயன்படுத்தட்டும் என்று வைஃபையைக் கடவுச்சொல் இல்லாமல் விட்டிருக்கிறேன். அளவில்லாத் திட்டம்தான், எனக்கு இழப்பில்லை. இதில் தவறுண்டா? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் நல்ல மனத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைய இணைப்பிலிருந்து புறப்பட்டிருந்தது. பூட்டப்படாத அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். காவல்துறை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். கணினிகள் கைப்பற்றப்பட்டன, விசாரணை தொடர்ந்தது. வெளியுலகுக்குத் தெரிவது இணைப்பின் ஐ.பி. முகவரி மட்டுமே, அதற்குப் பின்னால் விசைப்பலகையில் யார் இருந்தார் என்பது அதில் எழுதப்பட்டிருக்காது.

மாணவர்களுக்கு உதவ விரும்பினால், ரவுட்டரில் விருந்தினர் வலை என்று தனியாக ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல்லைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து, அவ்வப்போது மாற்றுங்கள். உங்கள் சொந்த வலையின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். டபிள்யூபிஏ2-இல், கடவுச்சொல் தெரிந்தவர், இணையும் தருணத்தைப் பதிவு செய்துவிட்டால், அதே வலையில் மற்றவர்கள் அனுப்புவதையும் பிரித்துப் படிக்க இயலும்.

கேள்வி: ரயில் நிலைய இலவச வைஃபையில் ஓடிபி கொடுத்துத்தான் நுழைகிறோம். அப்படியானால் வங்கிச் செயலியைத் திறக்கலாம் அல்லவா?

பதில்: அந்த ஓடிபி, நீங்கள் யார் என்று வைஃபை நடத்துபவர் குறித்து வைத்துக்கொள்வதற்கானது, காற்றில் செல்லும் தரவை அது பூட்டுவதில்லை. பூட்டுவது, வங்கிச் செயலியும், முகவரி https என்று தொடங்கும் எச்டிடிபிஎஸ் இணையதளங்களும் தாமாகவே செய்யும் மறையாக்கம். அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆகவே அளவுக்கு மீறி அஞ்சத் தேவையில்லை. இணையதளத்தின் அடையாளச் சான்றிதழில் சிக்கல் என்று உலாவி எச்சரித்தால் மட்டும், பரவாயில்லை என்று தொடராமல் அங்கேயே நிறுத்திவிட்டுக் கைப்பேசித் தரவுக்கு மாறுங்கள். அதே பெயரில் போலி வைஃபை வைத்து நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: நான் வாங்காத செயலிக் கடன் ஒன்று என் கடன் அறிக்கையில் தவணை தவறியதாக நிற்கிறது. வசூலிப்பவர்கள், சிறு தொகை கட்டினால் முடித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா? (தனியார் நிறுவன ஊழியர், திருப்பூர்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால், கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள்.

முதலில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்தும் அறிக்கை பெறுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருவது அவற்றின் கடமை. ஒன்றில் இல்லாத போலிக் கடன் இன்னொன்றில் இருப்பதுண்டு. பின்னர் அந்த அறிக்கை நிறுவனத்திடமும் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்து, கடன் ஒப்பந்தம், பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு, அடையாளச் சரிபார்ப்புப் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். பணம் போன கணக்கு உங்களுடையது இல்லை என்பதே உங்கள் வலுவான சான்று. 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் பதியுங்கள். பிறருடைய தனித்துவ அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்றும் பாருங்கள். இத்தகைய கடன் மோசடியில் களவு பான் எண்ணோடு களவு சிம்மும் சேர்ந்தே வருவது வழக்கம். இனி பான் நகல் கொடுக்கும்போது, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று படத்தின் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். ஜெராக்ஸ் கடையின் கணினியிலும் அதன் வாட்ஸ்அப்பிலும் விட்டுவந்த கோப்பை அழிக்கச் சொல்ல நாம் ஏனோ கூச்சப்படுகிறோம்.

கேள்வி: மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா?

பதில்: கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்; இல்லையேல் வேண்டாம். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், கெடு வைத்து மாற்றச் சொல்வதை 2017-லேயே கைவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டுகிறார்கள்.

கேள்வி: ஓடிபி எதுவும் கேட்காமலே, கைரேகை மூலம் என் தாயாரின் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு இணைய வங்கிச் சேவையே கிடையாது. இது எப்படி?

பதில்: ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை ஆகிய மூன்றும் போதும். ரேகை ரகசியம் என்று நாம் நினைக்கிறோம். பத்திரத்திலும் படிவத்திலும் மை தொட்டு வைத்துக்கொண்டே இருக்கிறோம். 2018-இல் தெலங்கானாவில் ஒருவர், இணையத்தில் கிடைத்த நிலப்பதிவு ஆவணங்களின் ரேகைகளை ரப்பர் முத்திரைபோல் வார்த்து, பிறர் பெயரில் சிம்களை இயக்கிப் பிடிபட்டார்.

ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ கைரேகை போன்றவற்றைப் பிறர் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் உயிரியளவுப் பூட்டு என்னும் வசதி உண்டு. தாயாரின் ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் கையில் இருந்தால் இன்றே போட்டுவிடலாம். நியாயவிலைக் கடையிலோ ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று கொடுக்கும்போதோ விரல் வைக்க வேண்டி வந்தால், தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதை அவருக்குச் சொல்லி வையுங்கள். இனி நகல் கேட்பவர்களுக்கு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள்.

இழந்த பணத்தைப் பொறுத்தவரை நாள்கணக்கு முக்கியம். வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொல்கிறது. தாமதமானால் பொறுப்பின் ஒரு பகுதி வாடிக்கையாளர்மேல் விழும். எனவே கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாமல், எழுதிக் கொடுத்து, தேதி முத்திரையிட்ட நகலையும் புகார் எண்ணையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.