பதில்: கோபுரப் படத்தில் வண்ணம் நிரம்பவில்லை, கோடும் தெரியவில்லை

வணக்கம் நண்பரே. மயிலாப்பூர் கோபுரத்தை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, டிஎக்ஸ்எஃப் கோப்பாக (வரைபடத்தை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் வகை) இன்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் திறந்தால் வண்ணம் நிரம்பவில்லை, திருவல்லிக்கேணியில் ஏ3 பிரின்ட் எடுத்தால் கோடே தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் வரைதலில் குறையில்லை. கண்ணுக்குக் கட்டமாகத் தெரிவது உண்மையில் நான்கு தனித்தனிக் கோடுகள். முனைகள் ஒட்டாதவரை நிரப்புவதற்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை. இவ்வளவு நெருக்கமான சுதை வேலைப்பாட்டில் ஒவ்வொரு முனையாக ஒட்டுவது ஆகாத காரியம். இன்க்ஸ்கேப்பில் வண்ணம் நிரப்பும் கருவியான பெயின்ட் பக்கெட்டை எடுங்கள். அது திரையில் தெரியும் பிக்சல்களை வைத்துத்தான் எல்லையைப் பிடிக்கிறது. அதனால் நிரப்ப வேண்டிய பகுதி திரை முழுக்க வரும்படி ஜூம் செய்து, அப்புறம் கிளிக் செய்யுங்கள். தூரத்தில் வைத்து நிரப்பினால் யாளியின் பல்லெல்லாம் மழுங்கிவிடும். மேலே உள்ள கருவிப்பட்டையில் 'க்ளோஸ் கேப்ஸ்' (இடைவெளியை அடைப்பது) சிறியதாகவும், 'க்ரோ பை' (வண்ணத்தை வெளிப்பக்கம் விரிப்பது) 1 பிக்சலாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே வெள்ளைக் கீற்று விழும். நிரப்பியவற்றைத் தேர்ந்து எண்ட் விசையை அழுத்தினால் வண்ணம் கோடுகளுக்கு அடியில் போய்விடும்.

பிரின்டில் கோடு தெரிய, அதன் தடிமன் 0.3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். கடைக்குப் பிடிஎஃப்பே கொடுங்கள். படமாகத்தான் வேண்டும் என்றால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) பிஎன்ஜி; ஜேபெக் கூடவே கூடாது, கோட்டோரம் அழுக்குப் படிந்தது போல் வரும். முழுசாக அடிக்கும் முன், ஒரு மூலையை மட்டும் அதே அளவில் ஏ4 தாளில் எடுத்துப் பாருங்கள். வண்ணம் எங்காவது வழிந்தால் அந்த இடத்தின் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.