கையில் வேறு வேலை இல்லாமல் விடலாமா? பாவூர்சத்திரம் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, போன வாரம் நீங்கள் சென்னையில் வேலை பார்க்கும் மகளைப் பற்றிக் கேட்க வந்துவிட்டுப் போனபிறகு, சரியாகப் பதில் சொல்லவில்லையோ என்று எனக்கே ஓர் உறுத்தல். வெளியே பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு மூன்று குடும்பம் உட்கார்ந்திருந்தது, உங்களுக்கோ சந்தையில் லோடு ஏற்றுகிற நேரத்துக்குள் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன். முன்பெல்லாம் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஆலோசனை கேட்டு இந்தப் படியேறி வருகிறவர்கள் பிள்ளையை எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம் என்றுதான் கேட்பார்கள். இப்போது, சேர்ந்த வேலையிலிருந்து பிள்ளையை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் போனை நீட்டி மகளின் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டுக் காட்டினீர்களே, காலை 4 மணி 10 நிமிஷத்துக்கு வந்தது. "அப்பா, மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?" அவ்வளவுதான் அதில் இருந்தது, பின்னால் ஃபேன் சத்தம். "அவ அழுதிருந்தாகூட மனசு ஆறிரும் சார், அழாமப் பேசுதாளே, அதான் பயமா இருக்கு" என்றீர்கள். நானும் அந்தக் குரலைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க மருத்துவ பில்களுக்காகப் போன் பேசுகிற ராத்திரி ஷிஃப்ட் 3 மணிக்கு முடிந்து கேப் ஹாஸ்டலில் இறக்கிவிட்ட பிறகும் தூங்காமல், அந்த நேரத்தில் தன்னோடு விழித்திருக்கும் ஒரே ஆள் ஊரில் இருக்கும் அப்பாதான் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

நீங்கள் கேட்டது, "வேற வேலை கிடைச்சப்புறம் விடுன்னு சொல்லுதேன், சரிதான சார்?" பாதி சரி. வேலை பிடிக்கவில்லை, சம்பளம் பத்தவில்லை, மேனேஜர் சிடுமூஞ்சி என்ற ரகத்துக்கெல்லாம் அதுதான் சரியான புத்திமதி, நானே தினமும் சொல்வதும் அதுதான். வேலையில் இருந்துகொண்டே தேடினால் சம்பளம் பேச ஒரு பிடிமானம் இருக்கும். ஆனால் வேலையே ஆளைத் தேட விடாமல் அடிக்கிற இடத்தில் அது புத்திமதியே இல்லை. உங்கள் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசி மூன்று மாதத்தில் எத்தனை இடத்துக்கு அப்ளை பண்ணினாய், எத்தனை இன்டர்வியூ போனாய்? ஐந்தாறு போயும் கிடைக்கவில்லை என்றால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம். ஒன்றுகூட இல்லை, பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறேன், ரெஸ்யூமைத் திறந்தாலே படபடப்பாக வருகிறது என்றால், அந்த இடத்தில் இருந்துகொண்டு அவளால் வேறு வேலை தேடிக்கொள்ள முடியாது. இன்னும் ஆறு மாதம் இருந்தாலும் அதே நிலைமைதான், உடம்பும் சேர்ந்து போயிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருஷம் முன்னால் அம்பை பக்கத்துப் பையன் ஒருவனிடம் அடுத்த ஆஃபர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்லி அனுப்பினேன். சொன்னபடி பதினான்கு மாதம் இருந்தான். திரும்பி வந்தபோது டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். டாக்டர், மாத்திரை, ஒரு வருஷம் வீடு. இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் அந்த டீ கிளாஸ் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் அந்த மூன்று மாதக் கேள்வியை இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்க வேண்டாம், அவள் அம்மாவை, நம் மைனியை, தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். டார்கெட், திட்டு, எல்லாரும் இருக்கிற குரூப் காலில் அவமானப்படுத்துவது இதெல்லாம் ஒரு வகை. அதைத் தாண்டி எவனாவது தப்பாகப் பேசியோ நடந்தோ இருந்தால் அது வேறு விஷயம். அதற்கு, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார் குழு இருந்தாக வேண்டும், நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் இருந்தால் ராஜினாமா எழுதுமுன் என்னிடமோ ஒரு வக்கீலிடமோ பேசுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். அன்றைக்குக் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நாம் போட்ட கணக்கை நான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். கைக்கு வருவது 28,000. ஹாஸ்டல் 8,500, உங்களுக்கு அனுப்புவது 7,000, கல்விக் கடன் 4,200, சீட்டு 2,000, மீதி 6,300 அவள் செலவு. நீங்கள் இந்த 28,000ஐப் பார்த்துத்தான் மிரண்டீர்கள். ஆனால் அவள் ஊருக்கு வந்துவிட்டால் ஹாஸ்டல் கிடையாது, உங்களுக்கு அனுப்புவதும் நின்றுவிடும். நிறுத்தவே முடியாதது கடனும் சீட்டும், 6,200. போன், பஸ், இன்டர்வியூவுக்குப் போய்வர ஒரு 3,800 வையுங்கள். மாதம் 10,000, ஆறு மாதத்துக்கு 60,000. அவள் பேங்கில் 41,000 இருக்கிறது என்றீர்கள், அதாவது நாலு மாதம் அவள் காசிலேயே ஓடும். மிச்ச இரண்டு மாதத்துக்கு அண்ணாச்சி கைகொடுக்க முடியுமா என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கிற கேள்வி, அதுவும் அடுத்த வேலை கிடைக்க அவளுக்கு ஆறு மாதம் ஆனால். (அவள் அனுப்பும் 7,000 நின்றால் வீடு எப்படி ஓடும் என்று அன்றைக்கு நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதையும் நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று அவளிடமே சொல்லலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.)

இந்தக் கணக்கில் பி.எஃப். பணத்தைச் சேர்க்கவே கூடாது. வேலையை விட்டதும் கூடவே இருந்தவர்கள் யாராவது "க்ளெய்ம் போடு, கைல காசு வரும்" என்பார்கள். மொத்தம் ஐந்து வருஷ சர்வீஸ் ஆகுமுன் எடுத்தால் வரிக்கணக்கில் வந்துவிடும், 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதைவிட முக்கியம், பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அவள் சேர்த்த வருஷம் போச்சு. அடுத்த கம்பெனியில் அதே யூஏஎன் நம்பரை, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணை, கொடுத்து மாற்றிக்கொண்டால் போதும். அந்த நம்பரோடு அவளுடைய சொந்த மொபைல் எண் இணைந்திருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி கடைசித் தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து அவளே பி.எஃப். இணையதளத்தில் பதிந்துகொள்ள முடியும்.

பாக்கிச் சம்பளம் கதையும் அதேதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தரச் சொல்கிறது. கொடுத்தால் சந்தோஷம். நீங்கள் கமிஷன் கடை நடத்துகிறவர், வராத பாக்கியைக் கல்லாவில் இருக்கும் காசாக எண்ணக் கூடாது என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்.

விடுகிற முறை ரொம்ப முக்கியம், இங்கேதான் நம் பிள்ளைகள் சொதப்புகிறார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகாமல் சிம்மைக் கழற்றிப் போடுவது, இதை மட்டும் செய்யவே கூடாது. முறையாக விடுவித்தோம் என்று கம்பெனி தருகிற ரிலீவிங் லெட்டர் இல்லாமல் இந்தத் துறையில் அடுத்த நல்ல கம்பெனி எடுப்பது கஷ்டம். மெயிலில் நாலு வரி ராஜினாமா, சொந்தக் காரணம் என்று போட்டால் போதும், உள்ளே நடந்ததையெல்லாம் அதில் கொட்ட வேண்டாம். மெயில் போடுமுன்பே சம்பள ஸ்லிப், ஆஃபர் லெட்டர், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும், லாகின் எப்போது துண்டிக்கப்படும் என்று சொல்ல முடியாது. கம்பெனியின் ஃபைல், பேஷண்ட் விவரம் எதையும் தொடக் கூடாது.

அவளுக்கு நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 60 நாள் என்றீர்கள். எல்லாரும் அதைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. சம்பளத்தோடு இரண்டு மாதம், கடைசித் தேதி கையில் இருக்கிறது, டார்கெட்டுக்குப் பயந்து சாக வேண்டியதில்லை. பல பேருக்கு இந்த இரண்டு மாதத்தில்தான் தூக்கம் திரும்பி வருகிறது, ரெஸ்யூமும் அனுப்ப முடிகிறது. உடனே வந்து சேர்கிற ஆளுக்குத்தான் கம்பெனிகள் முதலில் போன் போடும், ஆகவே இன்ன தேதியில் சேர முடியும் என்று எழுதினாலே அழைப்பு வரும். ஆக, கையில் வேலை இல்லாமல் விடுகிறாள் என்று நாம் சொன்னாலும், விடுகிற நாளுக்கு முன்னால் அவளுக்கு 60 நாள் இருக்கிறது. அந்த அறுபது நாளையும் தாங்க முடியாத நிலை என்றால் டாக்டர் சான்றிதழோடு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், அல்லது நோட்டீஸ் நாளுக்கான பணத்தைக் கட்டிவிட்டு வரலாம், கம்பெனி ஒத்துக்கொண்டால் அதுவும் லாபம்தான்.

இத்தனை வருஷம் இருப்பேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்று பாண்டு ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாளா என்று கேளுங்கள். பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 மே மாதத்தில்தான் ஒரு பொதுத்துறை வங்கி, குறைந்தது மூன்று வருஷம் இருக்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் என்று எழுதி வாங்கியதை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதற்காக எந்தக் கம்பெனி எவ்வளவு போட்டாலும் அப்படியே கட்ட வேண்டும் என்பதும் இல்லை. தாளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

மருத்துவக் காப்பீட்டை எல்லாரும் மறந்துவிடுவார்கள். கம்பெனி பாலிசியில் உங்களையும் மைனியையும் சேர்த்திருக்கிறாள், கடைசி நாளோடு அது போய்விடும். மைனிக்கு சர்க்கரை இருக்கிறது. புது பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றித் தருவார்களா என்று வேலையில் இருக்கும்போதே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி வேலை. அவள் பார்ப்பது ஏஆர் காலிங், அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு ஏன் பணம் வரவில்லை என்று கேட்கிற வேலை, அதனால்தான் ராத்திரி. அதே துறையில் மெடிக்கல் கோடிங் பக்கம், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடுகிற வேலைக்கு, போனால் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை, பெரும்பாலும் பகல் ஷிஃப்ட். மைக்ரோபயாலஜி படித்த பிள்ளை, இரண்டரை வருஷம் க்ளெய்ம் ஏன் திரும்பி வருகிறது என்று பார்த்தவள், அடிப்படை இருக்கிறது. சிபிசி என்று ஒரு தேர்வு, ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்துவது, வீட்டிலிருந்து நாலைந்து மாதம் ஒழுங்காகப் படித்தால் எழுதலாம். சென்னையில் மட்டுமல்ல, கோயம்புத்தூர், திருச்சியிலும் இந்தக் கம்பெனிகள் இருக்கின்றன. இடைவெளியைப் பற்றி இன்டர்வியூவில் கேட்டால், "இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை, கோடிங் படிக்க விட்டேன்" என்று சொன்னால் போதும், பழைய இடத்தைத் திட்ட வேண்டாம். பொய் அனுபவச் சான்றிதழ் தயார் பண்ணித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். எந்தத் தேதியில் எங்கே இருந்தாள் என்பது யூஏஎன் கணக்கிலேயே வரிசையாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

நீங்கள் எழுந்து போகும்போது வாசலில் நின்று, "வந்தா குரூப் ஃபோர் எழுதச் சொல்லலாமா சார்" என்றீர்கள். நம்ம ஊரில் வேலையை விட்டு வந்த எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிற முதல் கஷாயம் இது. 2025 ஜூலையில் நடந்த தேர்வுக்கு 13 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம், அறிவிப்பில் இருந்த இடம் 3,935. அவளுக்கே ஆசை இருந்தால் எழுதட்டும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு இருக்கிறது, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற கூட்டத்தையும் ஒருநாள் பார்த்துவிட்டு வரட்டும். நீங்களாகத் திணித்தால் இரண்டு வருஷம் ஓடிவிடும்.

கடைசியில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். தெருவில் கேட்பார்கள், "பிள்ளை எப்ப வந்தா, லீவா, எப்ப போறா?" மாப்பிள்ளை பார்க்கிற பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது, பெண் எங்கே வேலை பார்க்கா என்று அவர்கள் கேட்பார்கள். இதற்காகத்தான் பல வீட்டில் பிள்ளையை அங்கேயே கிடக்க விடுகிறார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். லீவு என்று பொய் சொன்னால் பிள்ளை வாசலுக்கு வரவே யோசிப்பாள். "அந்த வேலைய விட்டுட்டா, வேற பாத்துட்டிருக்கா" என்று நீங்களே கடையில் முதலில் சொல்லிவிடுங்கள். மறுநாள் தக்காளி விலையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வந்த முதல் இரண்டு மூன்று வாரம் தூங்கட்டும், பகல் பதினொன்றுக்கு எழுந்தாலும் மைனி முணுமுணுக்க வேண்டாம், ராத்திரி ஷிஃப்ட் பார்த்த உடம்பு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அதற்குப் பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு இல்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வந்த பிறகுதான் என்றில்லை, இன்றைக்கு ராத்திரியே தேவைப்பட்டாலும் அவள் அந்த எண்ணைக் கூப்பிடலாம் என்று சொல்லிவையுங்கள்.

இதையெல்லாம் போனில் அவளிடம் பேச வேண்டாம் அண்ணாச்சி, ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கேட்பாள், ஒன்றும் ஏறாது. வருகிற வெள்ளிக்கிழமை அவள் ஊருக்கு வர பொதிகை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஆம்னி பஸ். ஆஃபர் லெட்டரும், பாண்டு இருந்தால் அதுவும், இன்சூரன்ஸ் அட்டையும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான் இருப்பேன், அன்றைக்கு வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.