உலோக அயனி ஒட்டியதும் மூலக்கூறு ஏன் ஒளிர்கிறது?

உலோக அயனி வந்து ஒட்டியதும் சில மூலக்கூறுகள் திடீரென ஒளிர்வது எப்படி, அதை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அயனி ஒளியைக் கொண்டுவருவதில்லை. ஒளியை அணைத்துக்கொண்டிருந்ததை நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

வழக்கமான வடிவமைப்பில் ஆந்த்ரசீன் போன்ற ஒளிரும் பகுதி ஒன்று, அயனியைப் பிடிக்கும் பகுதி ஒன்று, நடுவில் சின்ன இணைப்பு. பிடிக்கும் பகுதியின் நைட்ரஜனில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை இருக்கும். ஆந்த்ரசீன் புறஊதா ஒளியை உறிஞ்சிக் கிளர்ந்ததும், அந்த இணையிலிருந்து ஓர் எலக்ட்ரான் அங்கே தாவிவிடும். ஆற்றல் ஒளியாகாமல் வீணாகும். துத்தநாக அயனி அந்த இணையைப் பிடித்துக்கொண்டால் தாவல் நிற்கும், நீல ஒளி தெரியும்.

தாமிரம் அப்படியல்ல. தாமிர(II) அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான் இருப்பதால் அதுவே பெரும்பாலும் ஒளியை அணைத்துவிடும். ஒளி மங்குவதை மட்டும் வைத்து அயனியை அளக்கும் உணரிகளை (அயனியைக் கண்டறியும் மூலக்கூறுகளை) நான் அவ்வளவாக நம்புவதில்லை. மங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

சரி, வேண்டிய அயனியை மட்டும் எப்படிப் பிடிப்பது? பிடிக்கும் குழியின் அளவும் அதிலுள்ள அணுக்களும்தான் முடிவு செய்யும். வேதியியலாளர் ரோஜர் சியன் 1980-இல் வெளியிட்ட பாப்டா என்ற அயனி பிடிக்கும் மூலக்கூறு, மெக்னீசியத்தைவிடக் கால்சியத்தைப் பல்லாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அதன் வழிவந்த, செல்லுக்குள் கால்சியத்தை அளக்கும் ஃபூரா-2 சாயத்தை 340, 380 நானோமீட்டர் ஒளிகளால் மாறிமாறித் தூண்டி, இரண்டிலும் கிடைக்கும் ஒளிர்வின் விகிதம் எடுப்பார்கள். சாயம் செல்லுக்குள் எவ்வளவு போனது என்ற கவலை பெருமளவு போய்விடும்.

அப்புறம், அமிலத்தன்மையைக் கவனியுங்கள். அமிலத்திலுள்ள புரோட்டானும் (ஹைட்ரஜன் அயனி) அதே நைட்ரஜனில் ஒட்டி, உலோகமே இல்லாமல் ஒளியைக் கிளப்பிவிடும்.