படம் வரும்வரை படிவத்தை நிரப்பாமல் இருக்கலாமோ?

கேள்வி: அக்கா, லண்டன் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குக் குடும்பமாகப் போய்விட்டு வரும்போது கமரா அடித்துவிட்டது. 30 மைல் வீதியில் 41 மைல் வேகமாம். வழியில் ஒரு வீட்டில் இறங்கி ஏறியதால் நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டினோம். அந்த இடத்தில் யார் ஓட்டியது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. பொலிஸ் கடிதத்தோடு படம் எதுவும் வரவில்லை. "முகம் தெரியிற படமும் கமராவின்ரை சேர்ட்டிபிக்கற்றும் வரும்வரை ஒண்டையும் நிரப்பாதே, தாங்களாவே விட்டிடுவாங்கள்" என்கிறார் வேலையிடத்து நண்பர். மச்சானோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற அம்மாவின் பெயரை எழுதி விடச் சொல்கிறார். அவ திரும்பிப் போய்விட்டா. என்ன செய்யட்டும்?
– ஹரோ வாசகர்

பதில்: தம்பி, மச்சானின் யோசனையை முதலில் தூக்கிப் போடுங்கள். பிரித்தானிய மந்திரியாக இருந்த கிறிஸ் ஹியூனின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003இல் ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையத்திலிருந்து வரும்போது எம்11 நெடுஞ்சாலையில் கமராவில் அகப்பட்டவர், லைசென்சில் விழும் தண்டப் புள்ளிகளை, அதாவது பொயின்ற்ஸை, மனைவியின் தலையில் கட்டினார். மந்திரிப் பதவி 2012இல் போனது; 2013இல் இரண்டு பேருக்கும் எட்டு மாதச் சிறை. நீங்கள் அம்மாவின் பெயரை எழுதினால், எந்த லைசென்சில் ஓட்டினா, காப்புறுதியில் அவ பெயர் இருந்ததா என்று அடுத்த கடிதம் வரும். அதற்கு என்ன எழுதப் போகிறீர்கள்?

நண்பர் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார். படம் கேட்பது வேறு, படிவம் நிரப்புவது வேறு.

உங்களுக்கு வந்ததில் ஒன்று, வழக்குத் தொடரக்கூடும் என்ற அறிவித்தல். கார் யார் பெயரில் பதிவோ அவருக்கு, சம்பவம் நடந்து 14 நாளுக்குள் கிடைக்கக்கூடியதாக அதை அனுப்பியிருக்க வேண்டும். திகதியைப் பாருங்கள். (கம்பனிக் கார் என்றால் அந்தக் கணக்கு கம்பனிக்குப் போன முதல் கடிதத்துக்குத்தான்.) மற்றது, யார் ஓட்டியது என்று கேட்கும் படிவம். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவு. பதில் போட 28 நாள். போடாமல் விட்டால் அது தனிக் குற்றம்: ஆறு பொயின்ற்ஸ், 1000 பவுண் வரை தண்டம். வேகத்துக்கான வழமையான தண்டமோ 100 பவுணும் மூன்று பொயின்ற்ஸும்தான். முதல் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஆறு பொயின்ற்ஸ் விழுந்தால் லைசென்ஸே போய்விடும். நம் வாயாலேயே நம்மைக் காட்டிக்கொடுக்கச் சொல்வது நியாயமோ என்று ஸ்ட்ராஸ்பூர்க் வரை போய்க் கேட்டவர்களும் உண்டு. படிவத்தில் பிழையில்லை என்று 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனிப் படம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்வரை சாட்சியம் காட்டப் பொலிசுக்குக் கட்டாயமில்லை. ஆனால் ஓட்டியவரை அடையாளம் காண உதவியாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பல இடங்களில் கடிதத்திலுள்ள இலக்கத்தை அடித்து இணையத்திலேயே பார்க்கலாம். ஆகவே "உங்கள் ஆதாரத்தைக் காட்டுங்கள்" என்று மல்லுக்கு நிற்காமல், "இரண்டு பேர் ஓட்டினோம், அடையாளம் காணப் படம் தேவை" என்று இன்றைக்கே எழுதுங்கள். படம் கேட்டதற்காக அந்த 28 நாள் நிற்காது.

முகத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சள் பெட்டிக் கற்சோ கமரா என்றால் பின்பக்கத்தைத்தான் எடுக்கும். அரைச் செக்கன் இடைவெளியில் இரண்டு படம். றோட்டில் வரிசையாக அடித்திருக்கும் வெள்ளைக் கோடுகளில் கார் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்து, ரேடார் சொன்ன வேகத்தைச் சரிபார்ப்பார்கள். 41 மைல் என்றால் அரைச் செக்கனில் ஒன்பது மீற்றருக்குச் சற்று மேல். நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

படத்திலும் விளங்காவிட்டால் போனில் இருக்கும் இடக்குறிப்பு, காட் போட்டுக் காசு கட்டிய நேரம், அந்நேரம் யார் யாருக்கு அழைப்பு எடுத்தது என்று கிண்டுங்கள். நியாயமாக முயன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைச் சட்டம் ஏற்கும். ஆனால் முயன்றதைக் காட்ட வேண்டியது நீங்கள். நான் மொழிபெயர்ப்பாளராக நின்ற மன்றுகளில், வெறுமனே "நினைவில்லை" என்றவரை நீதவான்கள் நம்பியது அருமை.

கமரா சேர்ட்டிபிக்கற் கேட்கிற நேரம், குற்றமில்லை என்று சொல்லி வழக்காடும்போதுதான் வரும். கருவியின் பதிவையும் சான்றிதழையும் விசாரணைக்கு ஏழு நாளாவது முன்னர் உங்களுக்குத் தந்தால்தான் அந்தத் தாளை மட்டும் வைத்துப் பொலிஸ் தரப்பு வாதாடலாம். அதில் கையெழுத்து வைத்தவரை நேரே கூப்பிட வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னர் நீங்கள் அறிவிக்க வேண்டும். இதெல்லாம் உண்மையான காரணம் உள்ளவருக்கு. ஒரு வான்காரரின் வழக்கு ஞாபகம் வருகிறது. படத்தில் அவருடைய நம்பர்தான், அதே வெள்ளை வான்தான். ஆனால் கூரையில் ஏணி வைக்கிற இரும்புச் சட்டம்; இவருடைய வானில் அது இல்லை. யாரோ நம்பர் பிளேற்றைக் களவாக அடித்து ஓடியிருக்கிறான். வழக்கு அன்றைக்கே முடிந்தது.

உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 30 வீதியில் 35 முதல் 42 வரை ஓட்டியவரை, மூன்று வருடத்துக்குள் போகாதவராக இருந்தால், வழக்கமாக வேக விழிப்புணர்வு வகுப்புக்கு விடுவார்கள், பொயின்ற்ஸ் இல்லை. மன்றுக்குப் போனால் வகுப்பு கையை விட்டுப் போகும். அங்கே 41 என்பது வேறு கணக்கு: 40க்கு மேல் போனால் நாலு முதல் ஆறு பொயின்ற்ஸ், ஒரு வாரச் சம்பளமளவு தண்டம், அதில் 40 வீதம் மேலதிக வரி, தோற்றால் வழக்குச் செலவு. நண்பர் அதில் பங்கு தருவாரோ என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீடு மாறிய பிறகு கடிதங்கள் எல்லாம் பழைய விலாசத்துக்குப் போய், எனக்குத் தெரியாமலே ஆறு பொயின்ற்ஸ் தீர்ப்பாகிவிட்டது. காப்புறுதிக்காரர் சொல்லித்தான் தெரியும்.
– குரொய்டன் வாசகி

பதில்: தங்கச்சி, தெரிய வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் சத்தியக் கூற்று ஒன்று கொடுங்கள். வழக்கு நடந்ததே தெரியாது என்பதுதான் அதன் சாரம். ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு செல்லாது. வழக்கு முதலிலிருந்து தொடங்கும். காரின் பதிவுப் புத்தகத்தில் விலாசம் மாற்றாமல் விட்டதற்கும் தண்டம் உண்டு, அந்த விலாசத்தை முதலில் மாற்றிவிடுங்கள்.